லான்சரோட்டே: எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போக வேண்டும்

காலை பதினொரு மணிக்கு திமான்ஃபாயா தேசியப் பூங்காவுக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது முன்னால் நிற்கும் காரின் பின்புறம்தான். இரண்டு பக்கமும் கறுகறுவென்று லாவாக் கல், நடுவில் ஒற்றைச் சாலை, அதில் நகரவே நகராத வரிசை. சீசனில் ஒரு மணி நேரம் காத்திருப்பது சாதாரணம். அதே வாசலில், திறக்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போய் நின்றால் நேராக மேலே ஏறிவிடலாம். லான்சரோட்டே தீவில் மோசம் என்று ஒதுக்க வேண்டிய இடங்கள் குறைவு. தப்பான நேரத்தில் போய்விட்டு மோசம் என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

தீவு சின்னது. வடக்குத் தெற்காக 60 கி.மீ., அகலத்தில் 25 கி.மீ. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 125 கி.மீ. தள்ளி இருந்தாலும் ஸ்பெயினுக்குச் சொந்தமான கானரித் தீவுகளில் ஒன்று, ஆகவே ஷெங்கன் விசா, யூரோ. நேரம் மட்டும் மாட்ரிட்டை விட ஒரு மணி பின்னால். எந்த ஊரில் தங்கினாலும் தீவின் கடைசி மூலைக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டிவிடலாம் என்பதால் புவேர்த்தோ தெல் கார்மெனா, பிளாயா பிளாங்காவா, கோஸ்தா தெகீசேயா என்று ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மூன்றுமே கடற்கரை விடுதிகளின் ஊர்கள். பார்க்க வேண்டியவை எல்லாம் வேறு இடத்தில் இருக்கின்றன.

இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் தீவு சட்டென்று புரியும். ஒன்று, 1730 செப்டம்பர் 1. அன்று இரவு திமான்ஃபாயா பக்கத்தில் நிலம் பிளந்தது. 1736 வரை விட்டுவிட்டு எரிமலைகள் கக்கிக்கொண்டே இருந்தன. தீவின் நிலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, ஊர்களும் நல்ல விளைநிலமுமாக, லாவாவுக்கும் சாம்பலுக்கும் கீழே போயிற்று. யாய்சா ஊரின் பங்குச் சாமியார் அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்ததால்தான் தொடக்க மாதங்களில் நடந்தவை இன்று நமக்குத் தெரிகின்றன. இரண்டாவது, சேசர் மன்ரிக்கே. 1919இல் அர்ரெசிஃபேயில் பிறந்த ஓவியர். நியூயார்க்கில் சில காலம் இருந்துவிட்டு அறுபதுகளில் ஊர் திரும்பி, சுற்றுலா வரட்டும், ஆனால் தீவின் முகம் கெடக் கூடாது என்று பிடிவாதமாக நின்றவர். வீடுகள் தாழ்வாக, வெள்ளையடித்து, கதவு ஜன்னல்கள் பச்சையாகவோ நீலமாகவோ இருப்பதும், சாலையோரத்தில் விளம்பரப் பலகை கண்ணில் படாததும் அவர் பிடிவாதத்தின் மிச்சம். தீவில் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் முக்கிய இடங்களில் பாதிக்கு மேல் அவர் கை பட்டவை.

அவற்றில் பெரும்பாலானவை தீவு நிர்வாகத்தின் ஒரே அமைப்பின் கீழ் இருப்பதால் மூன்று, நான்கு, ஆறு என்று இடங்களைச் சேர்த்துக் கூட்டு டிக்கெட் கிடைக்கும். நான்கு இடத்துக்கு மேல் போகிற எண்ணம் இருந்தால் தனித்தனியாக வாங்குவது வீண் செலவு. ஆனால் மன்ரிக்கேயின் தாயிச்சே வீடு தனி அறக்கட்டளையுடையது, இந்தக் கூட்டு டிக்கெட்டில் சேராது. டிக்கெட் ஜன்னலில் வந்துதான் பலருக்கு இது தெரிகிறது.

திமான்ஃபாயாவும் சுற்றுப்புறமும்

வாசலைத் தாண்டினால் கார் இஸ்லோத்தே தே இலாரியோ என்ற மேட்டில் போய் நிற்கும். அதற்கு மேல் சொந்த வண்டிக்கு அனுமதி கிடையாது, நடக்கவும் முடியாது. பூங்காவின் பேருந்தில் ஏற வேண்டும். 14 கி.மீ. சுற்று, முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு, கட்டணம் நுழைவுச் சீட்டிலேயே அடக்கம். வழியில் எங்கேயும் இறக்கிவிட மாட்டார்கள். ஜன்னலோர இடம் கிடைக்கவில்லை என்றால் ஏறாமல் அடுத்த பேருந்துக்கு நில்லுங்கள், அடிக்கடி வரும். நடு இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர் தோளைப் பார்த்துக்கொண்டு வருவதற்கு இந்தக் காசு அதிகம். படம் எடுக்கிறவர்கள் கைபேசியைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்துப் பிடித்தால்தான் உள்ளேயிருக்கும் பிரதிபலிப்பு விழாது. ஸ்பானிஷ், ஆங்கிலம், ஜெர்மன் மூன்றிலும் விளக்கம் ஓடும். இடையிடையே அவர்கள் போடும் இசை சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு எரிச்சல். ஆனால் இரண்டு பேருந்து அகலம்கூட இல்லாத அந்தப் பாதை எரிமலை வாய்களின் விளிம்பை உரசிக்கொண்டு வளையும்போது யாரும் பேசுவதில்லை.

பேருந்துக்கு முன்போ பின்போ, மேட்டிலேயே நடக்கும் செய்முறையை விட்டுவிடாதீர்கள். ஊழியர் ஒருவர் தரையைக் கொஞ்சம் கிளறி, மண்வெட்டியில் சல்லியை அள்ளி உள்ளங்கையில் போடுவார். ஒரு நொடிக்கு மேல் வைத்திருக்க முடியாமல் கைக்குக் கை மாற்றுவீர்கள். அடுத்து ஒரு குழி. காய்ந்த முட்செடி ஒரு கொத்தைக் கவைக்கோலால் உள்ளே அழுத்துவார். முதலில் புகை, பிறகு குப்பென்று தீ. மூன்றாவதாக, தரையில் பதித்த குழாயில் ஒரு வாளித் தண்ணீர். ஊற்றியவர் பின்னால் நகர்கிறார், ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் உறுமலோடு நீராவி ஆளுயரத்துக்கு மேல் பீய்ச்சுகிறது. கீழே எங்கோ லாவா ஓடிக்கொண்டிருப்பதாக நினைக்க வேண்டாம். ஆழத்தில் ஆறாமல் கிடக்கும் பாறைக் குழம்பின் சூடுதான் விரிசல்கள் வழியாக மேலே வருகிறது. பதின்மூன்று மீட்டர் ஆழத்தில் அளந்தபோது 600 டிகிரியை எட்டியிருக்கிறது. பக்கத்திலுள்ள வட்டமான உணவகம் மன்ரிக்கே வடிவமைத்தது. கிணறு மாதிரி ஒரு குழி, அதன் மேல் கம்பித் தட்டு, அதில் கோழியும் உருளைக்கிழங்கும் நிலச் சூட்டிலேயே வேகின்றன. சாப்பிடாவிட்டாலும் அடுப்பைப் போய்ப் பார்க்கலாம். நுழைவாயில் பலகைகளில் கவைக்கோலைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் குட்டிச் சாத்தானும் அவர் வரைந்ததுதான்.

யாய்சாவிலிருந்து வாசலுக்கு வரும் வழியில் ஒட்டகச் சவாரி நடக்கிறது. திமிலின் இரண்டு பக்கமும் தொங்கும் நாற்காலிகளில் ஆளுக்கொரு பக்கமாக உட்கார வேண்டும். ஒருவர் எடை குறைந்தால் அவர் பக்கம் மணல் மூட்டையைக் கட்டித் தராசு மாதிரி சமன் செய்கிறார்கள். குழந்தைகள் இருந்தால் சரி, இல்லையென்றால் அந்த அரை மணி நேரத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். மாறாக, பூங்காவுக்கு வடக்கே மஞ்சா பிளாங்காவில் இருக்கும் பார்வையாளர் மையம் இலவசம், கூட்டமும் இல்லை. எப்படி வெடித்தது, எங்கே எது ஓடியது என்பதை அங்கே பார்த்துவிட்டுப் பேருந்தில் ஏறினால் வெறும் கறுப்பாகத் தெரிந்தது நான்கைந்து விதமாகப் பிரிந்து தெரியும்.

பேருந்து தர முடியாத ஒன்று உண்டு, காலுக்குக் கீழே லாவா நொறுங்கும் சத்தம். அதற்குப் பூங்கா எல்லைக்கு வெளியே போக வேண்டும். நேரம் குறைவு என்றால் எல் குவேர்வோ. மஸ்தாச்சேவுக்கும் தினாஹோவுக்கும் இடையே செல்லும் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சமதளத்தில் கால் மணி நேரம் நடந்தால், எரிமலையின் ஒரு பக்கச் சுவர் உடைந்த இடைவெளி வழியாக அதன் வாய்க்குள்ளேயே நுழைந்துவிடலாம். 1730இல் முதலில் வெடித்தது இதுதான். பாட்டி, பேரன் யாரும் நடக்கலாம். உள்ளே சரிவுகளில் ஏறுவது தடை, ஏறினால் தடம் ஆண்டுக்கணக்கில் அழியாது.

தெம்பு இருந்தால் கால்தேரா பிளாங்கா. இது 1730க்கு மிக முந்தைய எரிமலை, லாவா கடலுக்கு நடுவில் வெளுத்த தீவு மாதிரி நிற்கும். எரிமலை வாயின் குறுக்களவு ஒரு கிலோமீட்டருக்கு மேல், விளிம்பின் உச்சி 458 மீட்டர். போய், விளிம்பைச் சுற்றி, திரும்பி வரக் கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர், மூன்றரை நான்கு மணி நேரம். இங்கே தப்பு நடப்பது இரண்டு விதத்தில். முதல் பாதி உடைந்த லாவா மேல் போகிறது, துணிச் செருப்போடு வருகிறவர்கள் கணுக்காலைச் சுளுக்கிக்கொள்கிறார்கள். அடுத்தது விளிம்பில் காற்று. கீழே இதமாகத் தெரிந்த வாடைக்காற்று மேலே ஆளைத் தள்ளும். பலமாக வீசும் நாளில் வாயை எட்டிப் பார்த்துவிட்டு, சுற்றாமல் அதே வழியில் இறங்குவதே புத்திசாலித்தனம். நிழல் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தலையில் கட்டிக்கொள்ளும் தொப்பி. எட்டு மணிக்குள் ஏறத் தொடங்கினால் வண்டி நிறுத்த இடமும் கிடைக்கும்.

லா ஹேரியா

ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் எது என்று கேட்டால், டிக்கெட்டே இல்லாத இந்தச் சாலையைத்தான் சொல்ல வேண்டும். யாய்சாவுக்கு அருகில் ஊகாவில் தொடங்கி மோசாகா பக்கம் போகும் சாலையின் இரு மருங்கிலும் கறுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு திராட்சைக் கொடி, குழியின் மேல் விளிம்பில் பிறை வடிவில் கல்லடுக்குச் சுவர். அழகுக்குச் செய்ததாகத் தோன்றும். இல்லை. சாம்பல் மூடிய பிறகு கொடியின் வேர் கீழே கிடந்த பழைய மண்ணை எட்டவில்லை. விவசாயிகள் சாம்பலைத் தோண்டி, சில இடத்தில் மூன்று மீட்டர் வரை இறங்கி, மண்ணைத் தொட்டு நட்டார்கள். சுவர் வடகிழக்கிலிருந்து வீசும் காற்றுக்குத் தடுப்பு, அதனால்தான் எல்லாப் பிறையும் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறது. 

தீவில் ஆண்டுக்கு 150 மி.மீ. அளவுக்குத்தான் மழை. அப்படியும் கொடி பிழைப்பது அந்தச் சாம்பலால். பொரபொரவென்ற அந்தக் கறுப்புச் சல்லிக்கு ஊரில் ரோஃபே என்று பெயர். இரவுப் பனியின் ஈரத்தை வாங்கிக் கீழே இறக்கிவிட்டு, பகலில் வெயில் அதை உறிஞ்சாமல் மூடி வைத்துக்கொள்ளும். சாலையோரத்தில் நின்று, மேல் சல்லியை விரலால் நான்கு அங்குலம் விலக்கினாலே தெரியும், மேலே கொதிக்கும், உள்ளே குளிர்ச்சி தட்டும். இந்த வித்தையைப் பார்த்த பிற ஊர்க்காரர்கள் சாம்பல் விழாத நிலத்துக்கும் ரோஃபேயை வண்டி வண்டியாகக் கொண்டுபோய்ப் பரப்பி வெங்காயம், பருப்பு, சர்க்கரைவள்ளி பயிரிட்டார்கள். அழிக்க வந்தது உரமாயிற்று.

இங்கே விளைவது பெரும்பாலும் மல்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை. இயந்திரம் நுழைய வழியில்லாததால் குழி குழியாக இறங்கிக் கையால் பறிக்கிறார்கள், ஜூலை கடைசி, ஆகஸ்டில். 1775இல் தொடங்கிய எல் கிரிஃபோ தீவின் மிகப் பழைய ஒயின் ஆலை, பழைய பிழிபொறிகளை வைத்து அருங்காட்சியகமும் நடத்துகிறது. குடிக்காதவர்களுக்கும் அது சுவாரசியமாக இருக்கும். மற்ற ஆலைகளிலும் ஒரு கோப்பை ருசி பார்க்கத் தருவார்கள். ஓட்டுகிறவர் கவனம். ஸ்பெயினில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. மாலை ஐந்து மணிக்கு மேல் வெயில் சாயும்போது ஒவ்வொரு குழிக்குள்ளும் நிழல் நிறைந்து நிற்கும். மதியத்தில் எடுத்த படமும் இதுவும் ஒரே இடம் என்று நம்ப முடியாது. சாலை குறுகல், சைக்கிள்காரர்கள் ஏராளம், நினைத்த இடத்தில் பிரேக் போடாமல் ஆலைகளின் வாசலில் நிறுத்துங்கள். குழிகளுக்குள் இறங்க வேண்டாம், சிமெண்ட் இல்லாமல் அடுக்கிய சுவர் கால் பட்டால் சரியும்.

தென்மேற்குக் கரை

யாய்சா சுத்தமான, அமைதியான ஊர். லாவா அதன் வாசல் வரை வந்து நின்றது தெரியும். அரை மணி நேரம் போதும். அங்கிருந்து எல் கோல்ஃபோ, லோஸ் எர்விதேரோஸ், ஹனுபியோ உப்பளம் மூன்றும் ஒரே கரையோரச் சாலையில் வரிசையாக வருகின்றன. எல் கோல்ஃபோவின் பச்சைக் குளம் விளம்பரப் படங்களில் மரகதம் மாதிரி இருக்கும். நேரில் சின்னது, கறுப்பு மணலுக்குப் பின்னால் ஒரு பச்சைக் கோடு. கரைக்கு இறங்க விடுவதில்லை, மேலேயுள்ள பார்வை மேடையிலிருந்துதான் பார்க்க வேண்டும். குளத்தை விட அதற்குப் பின்னால் நிற்கும் செம்பழுப்புப் பாறைச் சுவர்தான் பார்க்க வேண்டியது. கடல் பாதி அரித்த எரிமலையின் உட்பக்கம் அது, அடுக்கடுக்காகத் தெரியும். பச்சை ஒலிவின் கல் கிடந்தால் பையில் போட வேண்டாம், தீவிலிருந்து கல் எடுப்பது தடை. ஊருக்குள் கடலைப் பார்த்த மீன் உணவகங்கள் வரிசையாக உள்ளன, சுருங்க வேகவைத்த உப்பு உருளைக்கிழங்கும் மோஹோ சட்னியும் எங்கும் கிடைக்கும்.

லோஸ் எர்விதேரோஸ் என்றால் கொதிப்பவை என்று பொருள். லாவாப் பாறைக் குடைவுகளுக்குள் அலை புகுந்து மேலே வெடித்துச் சிதற வேண்டும். கடல் அமைதியாக இருக்கும் நாளில் ஒன்றும் நடக்காது, பாறையில் தண்ணீர் மெல்ல ஏறி இறங்கும், அவ்வளவுதான். அலை அறிக்கையைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. உப்பளத்தைக் கடைசியாக, பொழுது சாயும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கட்டம் கட்டமாகத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிறம்.

பாபகாயோ கடற்கரைகள் தீவிலேயே காற்று படாத, குளிக்கத் தோதான கரைகள். சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு மண் சாலையில் விடுவார்கள். அந்தச் சாலை பலகை மாதிரி அலையலையாக இருக்கும், வாடகைக் கார் காப்பீடு மண் சாலைக்குப் பெரும்பாலும் செல்லாது. ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

வடக்கு: ஒரே குழாயின் இரண்டு முனை

வடக்கே லா கொரோனா எரிமலை. அதிலிருந்து கடல் வரை சுமார் ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு லாவாக் குழாய் ஓடுகிறது, கடலுக்கு அடியிலும் ஒன்றரை கிலோமீட்டர் தொடர்கிறது. ஓடும் லாவாவின் மேற்பகுதி ஆறி ஓடாக இறுகிவிட, உள்ளே இருந்தது வடிந்து போனதால் உண்டான குழாய். குவேவா தே லோஸ் வெர்தேஸ் குகையும் ஹமேயோஸ் தெல் ஆகுவாவும் தனித்தனி டிக்கெட், ஆனால் இந்த ஒரே குழாயின் இரண்டு பகுதிகள். இடையே இரண்டு நிமிட கார் பயணம். முதலில் குகை, பிறகு ஹமேயோஸ் என்று போங்கள். முதலில் இயற்கை செய்ததைப் பார்த்தால்தான் மன்ரிக்கே அதில் என்ன செய்தார் என்பது விளங்கும்.

குகையில் வழிகாட்டியோடுதான் போக முடியும். ஒரு கிலோமீட்டர் அளவு, ஐம்பது நிமிடம். வெப்பம் ஆண்டு முழுக்க 19, 20 டிகிரி. சில இடங்களில் நன்றாகக் குனிந்து போக வேண்டும், முதுகு வலி உள்ளவர்களும் அடைத்த இடம் என்றால் பயப்படுகிறவர்களும் யோசித்துக்கொள்ளுங்கள். வெர்தேஸ் என்பதைப் பச்சை என்று மொழிபெயர்த்துவிட்டுப் பச்சைக் குகையைத் தேட வேண்டாம், முன்பு அந்த நிலத்தை வைத்திருந்த குடும்பத்தின் பெயர் அது. கடற்கொள்ளையர் வந்தபோதெல்லாம் ஊர்ஜனங்கள் இதற்குள் ஒளிந்தார்கள். விளக்கமைப்பு மன்ரிக்கேயோடு வேலை செய்த கலைஞர் ஹெசுஸ் சோத்தோ செய்தது. கல்லின் சிவப்பும் மஞ்சளும் மட்டும் தெரியும்படி விளக்கை மறைத்திருக்கிறார். சுற்றின் கடைசியில் ஒரு ரகசியம் உண்டு. பார்த்தவர்கள் சொல்லக் கூடாது என்று வழிகாட்டி கேட்டுக்கொள்வார், இங்கும் சொல்லப் போவதில்லை. இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டுப் போனால் பாதி டிக்கெட் வீண்.

குழாயின் கூரை இடிந்து வானம் தெரியும் இடத்துக்கு ஹமேயோ என்று பெயர். அப்படிப்பட்ட இரண்டு திறப்புகளுக்கு நடுவில் இருட்டான உப்புநீர்க் குளம், அந்தப் பக்கம் ஏறினால் வெள்ளை விளிம்பு கட்டிய நீலக் குளம், அதற்கும் அப்பால் குகைக்குள்ளேயே கச்சேரி அரங்கம். நீலக் குளத்தில் குளிக்க முடியாது. இருட்டுக் குளத்தின் ஓரத்தில் குனிந்து ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். கறுப்புப் பாறையில் அரிசியைத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். அவற்றில் ஒன்று நகரும். ஹமெய்த்தோ என்ற குருட்டு நண்டு, ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். இதன் உறவினர்கள் எல்லாம் ஆழ்கடலில், இது மட்டும் இந்தக் குழாய்க்குள். வேண்டுதல் என்று யாராவது காசு போட்டால் உலோகம் அரித்து நீரைக் கெடுத்து இவற்றைக் கொல்லும், ஆகவே காசு போடாதீர்கள் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். படிகள் அதிகம், சக்கர நாற்காலிக்குச் சிரமம். இரண்டு இடத்திலும் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை சுற்றுலாப் பேருந்துகளின் கூட்டம். காலை பத்துக்குள் அல்லது மூன்றரைக்கு மேல் போனால் நண்டுக்கும் உங்களுக்கும் நிம்மதி.

மிராதோர் தெல் ரியோ 1973இல் மன்ரிக்கே மலை முகட்டைக் குடைந்து கட்டிய பார்வைக் கூடம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 475 மீட்டர், கீழே நீலப் பாதை மாதிரி நீரிணை, அதன் மறுகரையில் லா கிராசியோசா தீவு. வளைந்த நுழைவழி வழியாக வெளிச்சம் குறைந்த கூடத்துக்குள் போனதும் இரண்டு பெரிய கண்ணாடிகள் முன்னால் விரியும், கட்டடமாக அது அருமையான தந்திரம். ஆனால் மலைமுகட்டில் காலையில் அடிக்கடி மேகம் உட்கார்ந்துவிடும். வெள்ளைச் சுவரைப் பார்க்கவா காசு கொடுப்பது? கீழிருந்தே முகட்டைப் பாருங்கள், மேகம் இருந்தால் திட்டத்தை மாற்றிப் பக்கத்து ஊரான ஆரியாவுக்குப் போய்விட்டு மதியம் ஏறுங்கள். காட்சி மட்டும் போதும் என்றால் சற்றுத் தெற்கே கினாத்தே ஊர்ச் சாலையின் முடிவில் இலவசப் பார்வை மேடை இருக்கிறது, காபிதான் கிடைக்காது.

ஆரியா தீவின் ஊர்களில் முதலிடம் கொடுக்க வேண்டியது. பள்ளத்தாக்கு முழுக்கப் பேரீச்சை. ஆண் குழந்தை பிறந்தால் இரண்டு மரமும் பெண் குழந்தை என்றால் ஒன்றும் நட்டதாகச் சொல்வார்கள். கணக்கு சரியில்லை, ஆனால் நிழல் நன்றாக இருக்கிறது. சனிக்கிழமை காலையில் சதுக்கத்தில் நடக்கும் கைவினைச் சந்தையில் உள்ளூர்க்காரர்கள் செய்ததுதான் விற்கும். மன்ரிக்கே கடைசி ஆண்டுகளில் வாழ்ந்த வீடு 2013 முதல் அருங்காட்சியகம். தூரிகையும் பாதி வரைந்த படங்களும் அப்படியே கிடக்கும் அவரது பணிக்கூடம் வீட்டை விடப் பேசும். ஊர்க் கல்லறையில், கள்ளியும் பேரீச்சையும் நிற்கும் எளிய சமாதி அவருடையது. தெகீசே பக்கமிருந்து வரும் மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவுகள், வாந்தி வரும் குழந்தைகளை முன் இருக்கைக்கு மாற்ற முடியாது, மெதுவாக ஓட்டுங்கள்.

திரும்பும் வழியில் குவாத்தீசாவின் கள்ளித் தோட்டம். ரோஃபே தோண்டியெடுத்துக் கைவிட்ட பள்ளத்தில் 1990இல் மன்ரிக்கே முடித்த கடைசிப் பெரிய வேலை. வட்ட அரங்கு மாதிரிப் படிகள், ஆயிரக்கணக்கில் கள்ளிகள், மேலே காற்றாலை. வரிசை நிற்க வேண்டியதில்லை, ஒரு மணி நேரம் போதும், மதியக் கூட்டத்தைத் தவிர்க்க நினைத்தால் அந்த நேரத்துக்கு இதை வைக்கலாம். வெளியே சாலையோர வயல்களில் சப்பாத்திக்கள்ளி மேல் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கும். நோய் இல்லை, சாயத்துக்காக வளர்க்கும் பூச்சி. ஒன்றை நசுக்கினால் விரல் ரத்தச் சிவப்பாகும், சட்டையில் பட்டால் போகாது.

மன்ரிக்கே வீடும் தெகீசேயும்

தாயிச்சேயில் லாவா ஓட்டத்துக்குள் உண்டான ஐந்து குமிழ்களை அறைகளாக்கிக் கட்டிய வீடு. லாவாவுக்கு நடுவில் ஒரு அத்திமரத்தின் தலை எட்டிப் பார்த்ததைக் கண்டு, அது எங்கிருந்து முளைத்தது என்று தேடித்தான் அவர் கீழே குமிழைக் கண்டுபிடித்தாராம். மேல் தளம் சாதாரண வெள்ளை வீடு. படி இறங்கினால் ஒவ்வொரு குமிழும் ஒரு நிறம், நடுவில் நீச்சல் குளம். ஓர் அறையின் பெரிய ஜன்னலில் கண்ணாடி பாதியில் நின்று, வெளியே உறைந்த லாவா அப்படியே உள்ளே வழிந்து தரையில் கிடக்கிறது. அந்த ஒரு மூலைக்காகவே கூட்டு டிக்கெட்டில் இல்லாத இந்தச் செலவைச் செய்யலாம். 1992 மார்ச்சில் வீடு அறக்கட்டளையாகத் திறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வாசலுக்குப் பக்கத்துச் சாலைச் சந்திப்பில் நடந்த கார் விபத்தில் அவர் இறந்தார். இப்போது அந்த ரவுண்டானாவில் அவர் செய்த காற்றுப் பொம்மை சுழன்றுகொண்டிருக்கிறது.

தெகீசே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தலைநகர். ஞாயிறு சந்தை பிரபலம், அதுதான் சிக்கலும். நூற்றுக்கணக்கான கடைகள், வண்டி நிறுத்த வயல்வெளி, விடுதிகளில் கிடைக்கும் அதே பைகளும் காந்தப் பொம்மைகளும். கூட்டம் பிடிக்கும் என்றால் பத்துக்குள் போய்ப் பன்னிரண்டுக்குள் கிளம்புங்கள். ஊரைப் பார்க்க வேண்டும் என்றால் வார நாளில் வாருங்கள், கல் பாவிய தெருக்களில் உங்கள் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். திம்ப்ளே என்ற குட்டி ஐந்து தந்தி இசைக்கருவிக்கு ஸ்பினோலா மாளிகையில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஊருக்கு மேலே குவானபாய் எரிமலை விளிம்பில் சாந்தா பார்பரா கோட்டை, காற்றுக்குத் தொப்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம்.

வண்டி

கார் இல்லாமல் இதில் பாதி நடக்காது. குவாகுவா என்று இங்கே சொல்லும் பேருந்து பெரிய ஊர்களை நன்றாக இணைக்கிறது, திமான்ஃபாயா மேட்டுக்கும் மிராதோருக்கும் லா ஹேரியாவுக்கும் அதை நம்ப முடியாது. சின்ன கார் போதும். கியர் மாற்றும் வண்டிதான் வழக்கம், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஓட்டுவது வலது பக்கம். லாவா வயல் நடுவே போகும் சாலைகளில் ஓரமே இல்லை, தார் முடிந்ததும் கூர்க்கல், டயர் ஒரு சாண் இறங்கினால் கிழியும். எதிரே பேருந்து வந்தால் வேகத்தைக் குறையுங்கள், ஒதுங்காதீர்கள். கதவைத் திறக்கும்போது கையால் பிடித்துத் திறங்கள். காற்று பிடுங்கி மடக்கிய கதவுக்கும் காப்பீடு பல நேரம் செல்லாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று அதிகம். எந்த மாதத்திலும் சில நாள் சகாராவிலிருந்து கலிமா என்ற தூசிக்காற்று வந்து எல்லாக் காட்சியையும் மஞ்சளாக்கிவிடும், அந்த நாளைக் குகைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முழு நாள் மிச்சம் இருந்தால் வட முனையில் ஓர்சோலாவிலிருந்து லா கிராசியோசாவுக்குப் படகு, அரை மணிக்குள் போய்விடும். தார்ச் சாலையே இல்லாத தீவு. 2018இல் கானரிகளின் எட்டாவது மக்கள் வாழும் தீவாக அங்கீகாரம் கிடைத்தது. முதல் படகுக்குப் போகாவிட்டால் ஓர்சோலாவில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. துறையிறங்கியதும் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், டயர் பருமனாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள், மெல்லிய டயர் மணலில் புதையும். நடப்பவர்கள் துறையிலிருந்து முக்கால் மணி நேரத்தில் லா ஃபிரான்செசா கரைக்குப் போகலாம், அலை அடங்கிய தெளிந்த தண்ணீர், குளிக்கலாம். மறுபக்கம் லாஸ் கொன்ச்சாஸ் இதை விட அழகு, ஆனால் உள்ளிழுக்கும் நீரோட்டம் பொல்லாதது, கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். கரைகளில் நிழலோ கடையோ கிடையாது, தண்ணீரைத் துறையிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். போகும்போது கடல் பொதுவாகச் சாது. திரும்பும் போது, முனையைத் தாண்டும் அந்தப் பத்து நிமிடம் படகு நன்றாக ஆடும். மாத்திரை போடுகிறவர்கள் படகு ஏற அரை மணி முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பருவத்துக்குப் பருவம் அது மாறும்.